கபச்சுரப்பியும் எமது என்புகளும்: 22 வருடங்களாக நாங்கள் கேட்காமல் விட்ட கேள்வி

2012ஆம் ஆண்டு ஒரு நாள் காலை. எனது மூத்த ராத்தா கிணற்றடியில் அரைவாசி நிரம்பிய வாளியைத் தூக்கியிருக்கிறார். முதுகில் ஏதோ 'சடக்' என்று முறிந்தது போலிருந்ததாம். அத்தோடு அவரால் நிமிர முடியவில்லை. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது இரண்டு முள்ளென்புகள் நசுங்கிப் போயிருந்தன. அப்போது அவருக்கு வயது 49.

"வயசு போகுதுதானே, எலும்பு தேய்ஞ்சிட்டுது" என்று வீட்டில் எல்லோரும் சொன்னோம். எண்ணெய் பூசினோம், இடுப்புக்குப் பெல்ட் வாங்கிக் கொடுத்தோம், கல்சியம் குளிசை கொடுத்தோம். ஆனால் 49 வயதுப் பெண்ணுக்கு அரை வாளித் தண்ணீரைத் தூக்கியதில் முதுகெலும்பு முறிவது சாதாரண விடயமல்ல. அதை உணர்ந்தவர் நாங்கள் மூன்றாவதாகச் சந்தித்த பொது வைத்திய நிபுணர்தான். அவர் எக்ஸ்ரே படத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு ராத்தாவின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். வெளிறிய முகம், சுருக்கம் விழுந்த மெல்லிய தோல், ஏறத்தாழ உதிர்ந்துபோன புருவம். பிறகு ஒரு கேள்வி கேட்டார்: "கடைசிப் பிள்ளைக்குப் பால் கொடுத்தீங்களா அம்மா?"

"இல்ல டொக்டர். அந்தப் புள்ளைக்கு ஒரு சொட்டுப் பாலும் வரல்ல. பால்மாவுலதான் வளத்தன்" என்றார் ராத்தா.

வைத்தியர் என்னைச் சற்று வெளியே இருக்கச் சொன்னார். வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்த எனக்கு உள்ளே பேசப்பட்டதைப் பின்னர் ராத்தாவின் மகள்தான் சொன்னாள். அந்தப் பிரசவத்துக்குப் பின்னர் உம்மாவுக்கு மாதவிடாய் ஒரு முறைகூட வரவில்லையாம்.

அந்தப் பிரசவம் நடந்தது 1990இல். கிழக்கில் பாதைகள் மூடிக்கிடந்த காலம். வீட்டிலேயே பிள்ளை பிறந்தது. இரத்தம் நிற்கவில்லை. விடியும்வரை காத்திருந்து உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு போனோம். இரத்தம் ஏற்றினார்கள், அல்லாஹ்வின் உதவியால் உயிர் தப்பினார். அன்று உயிர் தப்பியதே பெரிய விடயம் என்று நாங்கள் இருந்துவிட்டோம். 27 வயதில் பால் சுரக்காததையும் மாதவிடாய் நின்றதையும் யாரும் ஒரு நோயாகப் பார்க்கவில்லை. எப்போதும் குளிருது என்று போர்த்திக்கொண்டு படுத்திருப்பார். 'சோம்பேறி' என்ற பெயரும் அவருக்குக் கிடைத்தது.

இதில் வெட்கப்பட வேண்டியவன் நான்தான். 20 வருடங்களுக்கும் மேலாக உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் படிப்பித்தவன் நான். கபச்சுரப்பியின் படத்தைக் கரும்பலகையில் கீறி, அதன் ஓமோன்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கொடுத்தவன். அந்தச் சுரப்பி செத்துப்போன ஒருவர் எனது வீட்டிலேயே நடமாடுவதை நான் காணவில்லை.

நான் வைத்தியர் அல்லன். இந்தக் கட்டுரையை வாசித்துவிட்டு யாரும் தாமாக மருந்து எடுக்கவோ நிறுத்தவோ கூடாது. ஆனால், இன்னொரு வீட்டில் இன்னொரு ராத்தா 22 வருடம் போர்வைக்குள் கிடக்காமலிருக்க, நான் காலம் தாழ்த்திக் கற்றுக்கொண்டதை எழுதி வைப்பது கடமை என்று நினைக்கிறேன்.

கபச்சுரப்பி என்பது என்ன?

மூளையின் அடிப்பகுதியில், மூக்குத் தண்டுக்கு நேர் பின்னால், மண்டையோட்டு என்பிலுள்ள ஒரு சிறு குழிக்குள் இருக்கும் சுரப்பியே கபச்சுரப்பி. அளவு ஒரு பட்டாணிக் கடலை. நிறை சுமார் அரைக் கிராம். ஆனாலும் பாடப்புத்தகங்கள் இதனைத் 'தலைமைச் சுரப்பி' என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தைரொயிட் சுரப்பியும், சிறுநீரகங்களின் மேலுள்ள அதிரீனல் சுரப்பிகளும், பெண்ணின் சூலகமும் ஆணின் விதையும் இதன் உத்தரவுக்காகவே காத்திருக்கின்றன. பிள்ளைகள் வளர்வதற்கான வளர்ச்சி ஓமோனையும், பால் சுரப்பதற்கான புரோலக்டினையும் இது நேரடியாகவே சுரக்கிறது.

என்புக்கும் இதற்கும் என்ன தொடர்பு? என்பு சீமெந்துத் தூண் போன்ற உயிரற்ற பொருள் என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது உயிருள்ள இழையம். ஒரு வகைக் கலங்கள் பழைய என்பை அரித்து எடுக்கின்றன. இன்னொரு வகைக் கலங்கள் அந்த இடத்தில் புதிய என்பைக் கட்டுகின்றன. வளர்ந்த ஒருவரின் என்புத் தொகுதியில் ஏறத்தாழ 10 சதவீதம் ஒவ்வொரு வருடமும் இவ்வாறு புதுப்பிக்கப்படுகிறது. உடைப்பும் கட்டுவதும் சமமாக நடக்கும்வரை என்பு உறுதியாக இருக்கும். அந்தச் சமநிலையைக் காப்பவற்றுள் முக்கியமானவை ஈஸ்திரஜன், தெஸ்தெஸ்தரோன், கோர்ட்டிசோல், தைரொயிட் ஓமோன், வளர்ச்சி ஓமோன் ஆகியவை. இந்த ஐந்தின் அளவும் கபச்சுரப்பியின் கையில்தான் இருக்கிறது. அதனால்தான் அரைக் கிராம் சுரப்பி பழுதானால் உடம்பிலுள்ள அத்தனை என்புகளும் பாதிக்கப்படுகின்றன.

ராத்தாவுக்கு வந்த நோய்: ஷீஹான்

கர்ப்ப காலத்தில் கபச்சுரப்பி பருமனில் பெரிதாகிறது. அதற்கு இரத்தமும் அதிகமாகத் தேவைப்படுகிறது. அந்த நேரத்தில் பிரசவத்தின்போது கடுமையான இரத்தப்போக்கு ஏற்பட்டு இரத்த அழுத்தம் வீழ்ந்தால், சுரப்பியின் முன்பகுதிக்கு இரத்தம் போகாமல் அது இறந்துவிடலாம். கிளாஸ்கோவில் பணியாற்றிய ஹெரல்ட் ஷீஹான் என்ற நோயியல் நிபுணர் 1937இல் இதனை விரிவாக விளக்கினார். அவருடைய பெயராலேயே இந்நோய் அழைக்கப்படுகிறது.

முதல் அடையாளம் பால் சுரக்காமை. பின்னர் மாதவிடாய் திரும்பி வராது. அக்குள், மறைவிட முடிகள் உதிரும். களைப்பு, குளிர் தாங்காமை, தலைச்சுற்று, பசியின்மை, மலச்சிக்கல் என்பன மெதுமெதுவாகச் சேரும். இரத்தத்தில் சோடியமும் சீனியும் குறைந்து மயங்கி விழுபவர்களும் உண்டு. எல்லாமே மெதுவாக நடப்பதால் பத்து, இருபது வருடங்கள் கழித்து நோய் கண்டுபிடிக்கப்படுவது இதில் அபூர்வமல்ல.

இந்த இருபது வருடமும் என்புக்கு என்ன நடக்கிறது? மாதவிடாய் நிற்கும்போது ஈஸ்திரஜன் போய்விடுகிறது. சாதாரணமாகப் பெண்களுக்கு 50 வயதளவில் தொடங்கும் என்பு இழப்பு ராத்தாவுக்கு 27 வயதிலேயே தொடங்கிவிட்டது. அதோடு வளர்ச்சி ஓமோனும் இல்லை. அதனால் புதிய என்பு கட்டும் வேலையும் மந்தமாகிவிட்டது. தசையும் மெலிந்து போனது. 49 வயதில் அவருடைய முதுகெலும்பு 70 வயதுப் பெண்ணின் முதுகெலும்பாக இருந்ததில் வியப்பில்லை.

இன்று எமது நாட்டில் ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் வைத்தியசாலைகளிலேயே நடக்கின்றன. எனவே இந்நோய் புதிதாக வருவது குறைவு. ஆனால், வீட்டுப் பிரசவங்களும் பாதை இல்லாத நாட்களும் இருந்த காலத்தில் பிள்ளை பெற்ற தாய்மார் இன்றும் எம்மிடையே இருக்கிறார்கள். எமது உம்மாமார், சாச்சிமார், மாமிமார் அவர்கள்தான்.

விவசாயம் செய்யும் எமது பகுதிகளுக்கு இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. கண்ணாடி விரியன் கடித்துத் தப்பியவர்களிலும் ஷீஹான் நோயைப் போலவே கபச்சுரப்பி செயலிழக்கலாம். மியன்மாரிலும் இந்தியாவிலும் முன்பே அறியப்பட்ட இந்தப் பாதிப்புக்கு இலங்கையின் முதலாவது நோயாளி பற்றிய மருத்துவ அறிக்கை 2011இல் வெளியானது. மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் பலத்த அடிபட்டவர்களுக்கும் இது நேரலாம். வயலில் பாம்பு கடித்துப் பிழைத்தவர், விபத்தில் தலை அடிபட்டவர் மாதக்கணக்கில் தேறாமல் சோர்ந்து கிடந்தால், 'பயம் இன்னும் தெளியல்ல' என்று விட்டுவிடக் கூடாது.

கோர்ட்டிசோல் கூடினால்: குஷிங்

கபச்சுரப்பி செத்தால் மட்டுமல்ல, அதில் ஒரு சிறு கட்டி வளர்ந்து அளவுக்கு மிஞ்சி வேலை செய்தாலும் என்பு கெடும். இக்கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

அதிரீனல் சுரப்பியைத் தூண்டும் ஓமோனை இப்படியொரு கட்டி அதிகமாகச் சுரந்தால், உடலில் கோர்ட்டிசோல் பெருகும். அமெரிக்க நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணர் ஹார்வி குஷிங் 1932இல் இதனை விவரித்தார். முகம் வட்டமாக ஊதும். வயிறு பெருக்கும், கை கால்கள் மெலியும். வயிற்றில் செவ்வூதா நிறக் கோடுகள் தோன்றும். சிறிது தட்டினாலே தோல் கன்றிப் போகும். நீரிழிவும் பிரஷரும் சேர்ந்து வரும். கோர்ட்டிசோல் மிகுந்தால் என்பு கட்டும் கலங்கள் ஒடுங்கிப் போகின்றன. குடல் கல்சியத்தைக் குறைவாக உறிஞ்சுகிறது. சிறுநீரில் கல்சியம் வெளியேறுகிறது. இந்நோயாளிகளில் 30 முதல் 50 சதவீதம் வரையானோருக்கு என்பு முறிவு ஏற்படுவதாக மருத்துவ ஆய்வுகள் கூறுகின்றன. முள்ளென்பு நசுங்கியும் வலி தெரியாமல் இருப்பவர்கள் இவர்களில் பலர்.

கபச்சுரப்பிக் கட்டியால் வரும் குஷிங் அபூர்வமானது. ஆனால் அதே பாதிப்பை நாமே கடையில் காசு கொடுத்து வாங்குவது அபூர்வமல்ல. பிரெட்னிசலோன், டெக்ஸமெதசோன் ஆகிய ஸ்டீரொயிட் குளிசைகளைத்தான் சொல்கிறேன். ஆஸ்துமா, மூட்டுவாதம் போன்ற நோய்களுக்கு இவை உயிர்காக்கும் மருந்துகள். வைத்தியர் அளவும் காலமும் பார்த்துத் தருவார். ஆனால் பழைய துண்டைக் காட்டி மாதக்கணக்கில் வாங்கிப் போடுவதும், பெயர் எழுதாத 'வாதக் குளிசை'யையும் உடம்பு வைப்பதற்கான குளிசையையும் வாங்கிச் சாப்பிடுவதும் எமது ஊர்களில் நடக்கின்றன. இம்மருந்துகளால் என்பு முறியும் ஆபத்து முதல் 3 முதல் 6 மாதங்களுக்குள்ளேயே கூடத் தொடங்குகிறது. நாளொன்றுக்கு 5 மில்லிகிராம் என்ற சிறிய அளவும் இதற்கு விலக்கல்ல.

அதே நேரம், நீண்ட காலம் எடுத்தவர் இதைத் திடீரென நிறுத்துவது அதைவிட ஆபத்தானது. வெளியிலிருந்து ஸ்டீரொயிட் வந்துகொண்டிருக்கும்போது கபச்சுரப்பி தனது வேலையை நிறுத்திவிடுகிறது. மருந்தை ஒரேயடியாக நிறுத்தினால் கோர்ட்டிசோல் இல்லாமல் உயிருக்கே ஆபத்து வரலாம். படிப்படியாகக் குறைக்க வேண்டும், அதையும் வைத்தியரே செய்ய வேண்டும்.

புரோலக்டின் கூடினால்

கபச்சுரப்பிக் கட்டிகளில் அதிகமாகக் காணப்படுவது புரோலக்டினைச் சுரக்கும் கட்டி. கர்ப்பமும் இல்லை, பால் குடிக்கும் பிள்ளையும் இல்லை. ஆனால் மாதவிடாய் நின்றுவிடுகிறது, மார்பிலிருந்து பால் கசிகிறது. இப்படியிருந்தால் புரோலக்டின் அளவைப் பார்க்க வேண்டும். இந்த ஓமோன் மிகுந்தால் சூலகத்துக்கான உத்தரவு தடைப்படும், ஈஸ்திரஜன் குறையும், என்பு அடர்த்தி இழக்கப்படும். திருமணமாகிப் பிள்ளை தங்காத பெண்ணைக் குறை சொல்லி, நாட்டு மருந்தும் நேர்ச்சையுமாகக் காலம் கடத்தும் வீடுகளில் சிலவேளை இந்த நோய்தான் மறைந்திருக்கிறது. பெரும்பாலானோருக்குச் சத்திரசிகிச்சைகூடத் தேவைப்படுவதில்லை. கபர்கோலின் அல்லது புரோமோகிரிப்டின் குளிசையினாலேயே கட்டி சுருங்கும், மாதவிடாயும் திரும்பும்.

ஆண்களுக்கும் இது வரும். ஆண்மைக் குறைவு, தாடி வளர்ச்சி குறைதல், தலைவலி, பார்வையின் இரு ஓரங்களும் மங்குதல் ஆகியவை அடையாளங்கள். ஆண்கள் இதை மனைவியிடமே சொல்லத் தயங்குவார்கள். வைத்தியரிடம் எப்படிச் சொல்வார்கள்? அதனால் கட்டி பெரிதாகி, கண் மங்கிய பின்னரே வருகிறார்கள். தெஸ்தெஸ்தரோன் குறைந்த ஆணின் என்பும் பெண்ணின் என்பைப் போலவே நலிவடையும்.

கட்டி இல்லாமலும் புரோலக்டின் கூடலாம். வாந்திக்கும் வயிற்று உப்பசத்துக்கும் கொடுக்கப்படும் டொம்பெரிடோன், மெட்டோகுளோபிரமைட், மனநோய்க்கான ரிஸ்பெரிடோன் போன்ற மருந்துகள் இதைக் கூட்டும். என்ன மருந்து எடுக்கிறோம் என்பதை வைத்தியரிடம் மறைக்கக் கூடாது.

ஒரு விடயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாய்க்குப் புரோலக்டின் கூடியிருப்பது இயல்பானது. அக்காலத்தில் என்பு அடர்த்தி சிறிது குறைந்தாலும், பால் மறந்த பின்னர் அது திரும்பி வந்துவிடுகிறது. இதைக் காரணம் காட்டி எவரும் தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை.

வளர்ச்சி ஓமோனும் தைரொயிடும்

சிறு பிள்ளைக்கு வளர்ச்சி ஓமோன் குறைந்தால் உயரம் ஏறாது. பிள்ளையின் சுகாதார அபிவிருத்திப் பதிவேட்டில் உயரத்தைக் குறிக்கும் கோடு படுத்துவிட்டால், 'வாப்பாவும் கட்டைதானே' என்று சமாதானம் சொல்லாமல் காட்ட வேண்டும். என்பு முனைகள் மூடிய பின்னர் ஊசி போட்டும் உயரம் கூடாது.

வளர்ந்தவருக்கு இந்த ஓமோன் மிகுந்தால் கை, கால், தாடை, மூக்கு என்பன பருக்கும். மோதிரம் இறுகும், செருப்பின் அளவு கூடும். என்பு பெருத்திருப்பதால் பலமாக இருக்கும் என்றே தோன்றும். ஆனால் உள்ளே அதன் பின்னல் அமைப்பு கெட்டுப்போயிருக்கும். என்பு அடர்த்திப் பரிசோதனை நல்ல முடிவைக் காட்டினாலும் இவர்களுக்கு முள்ளென்பு முறிகிறது.

தைரொயிட் பற்றிச் சொல்வது மிக அவசியம். களைப்பு என்று போனால் டி.எஸ்.எச். என்ற பரிசோதனை மட்டும் செய்து, 'சாதாரணம்' என்று அறிக்கை வந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவது வழக்கம். ராத்தாவுக்கும் இரண்டு தடவை அப்படித்தான் நடந்தது. டி.எஸ்.எச். என்பது கபச்சுரப்பியே சுரக்கும் ஓமோன். சுரப்பியே பழுதான ஒருவரில் அதை மட்டும் அளந்து பயனில்லை. தைரொயிட் ஓமோனையும், அதாவது ஃப்ரீ டி4 ஐயும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மறுபக்கம், தைரொக்சின் குளிசையைத் தேவைக்கு அதிகமாக எடுத்தால் அதுவும் என்பை அரிக்கும். மெலிவதற்காக அதைக் கூட்டிப் போடுபவர்கள் கவனிக்க வேண்டும்.

எப்போது சந்தேகப்பட வேண்டும்?

நின்ற உயரத்திலிருந்து விழுந்ததில், அல்லது விழாமலே, 50 வயதுக்கு முன் என்பு முறிந்தால் அதற்கு ஒரு காரணம் தேடப்பட வேண்டும். கர்ப்பமோ பால் கொடுப்பதோ இல்லாத, மாதவிடாய் நிற்கும் வயதை அடையாத பெண்ணுக்கு 3 மாதத்துக்கு மேல் மாதவிடாய் வரவில்லை என்றாலும் அப்படியே. உயரம் குறைந்து கூன் விழுவது, பிரசவ இரத்தப்போக்கின் பின் பால் சுரக்காமை, மாறாத தலைவலியோடு பார்வை மங்குவது ஆகியவையும் காட்ட வேண்டிய அடையாளங்களே. கூன் விழுந்தவர்கள், உயரம் குறைந்தவர்கள் எல்லோருக்கும் கபச்சுரப்பி நோய் இல்லை. வயதும் விற்றமின் டி குறைவுமே பெரும்பாலும் காரணம். ஆனால் காரணம் கேட்கப்பட வேண்டும்.

பரிசோதனை காலையில் எடுக்கும் இரத்தத்திலிருந்து தொடங்கும். கோர்ட்டிசோல், தைரொயிட் ஓமோன், பாலியல் ஓமோன்கள், புரோலக்டின், சோடியம் என்பன பார்க்கப்படும். தேவையென்றால் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கப்படும். ராத்தாவின் ஸ்கேனில் கபச்சுரப்பி இருக்க வேண்டிய குழி ஏறத்தாழ வெறுமையாக இருந்தது. என்பின் அடர்த்தியை டெக்ஸா ஸ்கேன் அளக்கிறது. மாதவிடாய் நின்ற பெண்களிலும் 50 வயது தாண்டிய ஆண்களிலும், அதில் டி ஸ்கோர் எனப்படும் எண் மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால், அதுவே ஒஸ்டியோபொரோசிஸ் எனப்படும் என்பு நலிவு. அரசாங்க வைத்தியசாலைகளில் அகஞ்சுரப்பியியல் கிளினிக்குகள் இருக்கின்றன. உங்கள் பகுதி வைத்தியரின் கடிதத்தோடு அங்கு போகலாம்.

சிகிச்சையும் ஒழுங்கும்

இல்லாத ஓமோனைத் திருப்பிக் கொடுப்பதே சிகிச்சை. ராத்தாவுக்கு முதலில் ஹைட்ரோகோர்ட்டிசோன் தொடங்கினார்கள், பிறகுதான் தைரொக்சின். இந்த ஒழுங்கு முக்கியம். கோர்ட்டிசோல் இல்லாத உடம்புக்குத் தைரொக்சினை முதலில் கொடுத்தால் ஆபத்தான நிலை ஏற்படலாம். இளம் பெண்களுக்கு, இயல்பாக மாதவிடாய் நிற்கும் வயதளவுவரை ஈஸ்திரஜனும் கொடுக்கப்படுகிறது. ராத்தாவுக்கு அந்தக் காலம் ஏறத்தாழக் கடந்துவிட்டது. 27 வயதிலேயே கண்டுபிடித்திருந்தால் அவருடைய முதுகு வளைந்திருக்காது என்று அந்த வைத்தியர் எங்களை நோகடிக்காமல்தான் சொன்னார். ஆனால் நொந்தது.

ஹைட்ரோகோர்ட்டிசோனின் அளவு கூடினாலும் என்பு கெடும் என்பதால், போதுமான மிகக் குறைந்த அளவே தரப்படும். ஆனால் காய்ச்சல் வந்தால் அந்த அளவை இரட்டிப்பாக்க வேண்டும். வாந்தியால் குளிசை தங்காவிட்டால் உடனே வைத்தியசாலைக்குப் போய் ஊசி போட வேண்டும். 'நான் ஸ்டீரொயிட் எடுப்பவர்' என்று எழுதிய அட்டையைக் கையில் வைத்திருக்க வேண்டும். ராத்தாவின் கிளினிக் கொப்பியின் முன் அட்டையிலேயே சிவப்பு மையால் எழுதி வைத்திருக்கிறோம்.

என்புக்காக வாரம் ஒரு தடவை 70 மில்லிகிராம் அலென்ட்ரோனேட் கொடுத்தார்கள். வெறும் வயிற்றில், ஒரு கோப்பை வெறும் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல், எதுவும் சாப்பிடாமல் இருக்க வேண்டும். கல்சியம் குளிசையைத் தைரொக்சினோடு சேர்த்துப் போடக் கூடாது. 4 மணி நேர இடைவெளி வேண்டும். இது தெரியாமல் இரண்டையும் ஒன்றாக விழுங்குபவர்கள் ஏராளம்.

வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 1000 முதல் 1200 மில்லிகிராம் வரை கல்சியம் தேவை. முள்ளோடு சாப்பிடும் நெத்தலி, தயிர், பால், குரக்கன், எள்ளு, முருங்கை இலை எல்லாம் எமது சமையலறையில் உள்ளவைதான். கல்சியம் உடம்பில் சேர விற்றமின் டி வேண்டும். அதற்கு வெயில் வேண்டும். நாள் முழுதும் வீட்டுக்குள்ளேயே இருக்கும் எமது பெண்களுக்கு, வெயில் நிறைந்த இந்த நாட்டிலும் அது குறைகிறது. மதில் சூழ்ந்த முற்றத்தில், மறைவாக, கைகளிலும் கால்களிலும் கொஞ்ச நேரம் வெயில் படும்படி இருப்பதற்கு யாருடைய தடையும் இல்லை. முடியாதவர்கள் வைத்தியரிடம் கேட்டுக் குளிசையாக எடுக்கலாம்.

நோன்பும் தொழுகையும்

ஹைட்ரோகோர்ட்டிசோன் நாளுக்கு 2 அல்லது 3 தடவை எடுக்க வேண்டிய மருந்து. எனவே கபச்சுரப்பி செயலிழந்தவர் நோன்பு பிடிப்பது பாரதூரமான விடயம். சீனி குறையலாம், பிரஷர் வீழலாம், மயக்கம் வரலாம். சிலருக்கு ஸஹரில் ஒரு தடவை எடுக்கும் பிரெட்னிசலோனுக்கு மாற்றி வைத்தியர் அனுமதிக்கிறார். சிலருக்கு வேண்டாம் என்கிறார். ரமழானுக்கு ஓரிரு மாதங்களுக்கு முன்னரே கேட்டு முடிவெடுக்க வேண்டும். நோன்பு நேரத்தில் தலைச்சுற்று, வாந்தி, காய்ச்சல் வந்தால் உடனே நோன்பை விட்டுவிட்டு மருந்தை எடுக்க வேண்டும்.

முதல் வருடம் ராத்தா சம்மதிக்கவில்லை. "22 வருசம் நோயோட புடிச்ச நோன்ப, மருந்து கிடைச்ச பிறகு விடச் சொல்றீங்களா தம்பி?" என்று அழுதார். நோயாளிக்கு அல்லாஹ் தந்த சலுகையை மறுப்பது நன்மையல்ல என்பதைப் பள்ளிவாசல் மௌலவியே வீட்டுக்கு வந்து விளக்கிய பின்னர்தான் அடங்கினார். முள்ளென்பு முறிந்தவர் கதிரையில் இருந்து தொழுவதும் அப்படியான ஒரு சலுகைதான். குனிந்து நெற்றியை வைக்க முயன்று இன்னொரு முள்ளென்பை நசுக்கிக்கொள்ளத் தேவையில்லை.

இன்று ராத்தா 60ஐக் கடந்துவிட்டார். முதுகின் வளைவு நிமிரவில்லை, நிமிரவும் மாட்டாது. ஆனால் அதன் பிறகு எந்த என்பும் முறியவில்லை. போர்வையை விட்டு எழுந்துவிட்டார். பேரப்பிள்ளைகளை மத்ரஸாவுக்குக் கூட்டிக்கொண்டு நடந்து போகிறார். சிகிச்சை தொடங்கிய சில வாரங்களில் ஒரு நாள், "தம்பி, மனிசருக்கு இப்படித்தான் இருக்குமா?" என்று கேட்டார். களைப்பில்லாமல் இருப்பது எப்படி என்பதையே அவர் மறந்திருந்தார்.

எனவே இதை வாசிக்கும் சகோதர சகோதரிகளிடம் ஒன்றைத்தான் கேட்கிறேன். உங்கள் வீட்டில் எப்போதும் குளிருது, களைக்குது என்று ஒதுங்கிக் கிடக்கும் உம்மாவோ, மாமியோ, ராத்தாவோ இருந்தால், வீட்டுப் பெண்கள் யாராவது அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்: கடைசிப் பிள்ளை பிறந்தபோது இரத்தம் அதிகமாகப் போனதா? பால் சுரந்ததா? அதற்குப் பிறகு மாதவிடாய் வந்ததா? பதில் 'இல்லை' என்றால் அதை அப்படியே ஒரு கடதாசியில் எழுதி வைத்தியரிடம் கொடுங்கள். நாங்கள் அந்தக் கேள்வியைக் கேட்க 22 வருடங்கள் எடுத்தன.